எஸ்.பி. ரோடு ரிப்பேர் கடைகள்: லாகின் ஆனதும் ரீஸ்டார்ட் ஆகும் சிஸ்டத்தை அங்கே கொடுக்கலாமா?

பாஸ்வேர்டு போட்டதும் டெஸ்க்டாப் வருகிறது. ஐகான்கள் வந்து நிற்பதற்குள் திரை கறுத்து, கம்பெனி லோகோ மறுபடி வந்துவிடுகிறது. திரும்பப் பாஸ்வேர்டு, திரும்பக் கறுப்பு. பெங்களூரில் அல்சூரிலோ விவேக்நகரிலோ ஸ்ரீராமபுரத்திலோ யாரிடம் இதைச் சொன்னாலும் பதில் ஒன்றுதான்: "எஸ்.பி. ரோடுக்கு எடுத்துட்டுப் போங்க."

டவுன் ஹால் பக்கமிருந்து நகரத்பேட்டைக்குள் நீளும் சாதர் பத்ரப்பா ரோட்டின் சுருக்கப் பெயர் அது. கீழே விற்பனைக் கடைகள். குறுகலான படி ஏறினால் ரிப்பேர் மேசைகள். கன்னடம், உருது, இந்தியோடு தமிழும் தாராளமாகச் செல்லுபடியாகும். கடைக்குக் கடை பெயர் சொல்லி மதிப்பெண் போடுவதில் பெரிய பயனில்லை. வேலை செய்யும் முறை பெரும்பாலும் எல்லா இடத்திலும் ஒன்றேதான். அந்த முறைக்குப் போடலாம்: பாகம் வாங்க 5க்கு நாலரை, பாகத்தை மாற்றிப் போட்டுச் சோதிக்க 4, காரணம் கண்டுபிடிக்க 2. நம் பணத்தைத் தின்பது அந்தக் கடைசி 2தான்.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. கவுன்டரில் பத்துப் பேர் நிற்கும்போது யாரும் விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து வரிவரியாகப் படிக்கப் போவதில்லை. "விண்டோஸ் கரப்ட் ஆயிடுச்சு சார், ஃபார்மட் பண்ணிடலாம்" என்பது அரை நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய தீர்ப்பு. சில நேரம் சரியாகவும் இருக்கும். ஆனால் எஸ்எம்பிஎஸ் (உள்ளே எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) தளர்ந்துபோன சிஸ்டத்தை ஃபார்மட் செய்தால், புது விண்டோஸில் லாகின் ஆனதும் ரீஸ்டார்ட் ஆகும், அவ்வளவுதான் வித்தியாசம். போனது உங்கள் ஃபைல்களும் ஒரு நாளும்.

லாகின் திரை வரை ஒழுங்காக ஓடுவது ஏன் என்பதைப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கும். பாஸ்வேர்டு கேட்கும் திரையில் சிஸ்டத்துக்குப் பெரிய வேலை இல்லை. உள்ளே போனதும் ஸ்டார்ட்அப் புரோகிராம்கள், ஆன்டிவைரஸ், கிளவுட் ஒத்திசைவு எல்லாம் ஒரே நொடியில் எழுகின்றன. பிராசஸர் உச்ச வேகத்துக்குத் தாவுகிறது. 65 வாட் என்று பெட்டியில் போட்டிருக்கும் இன்டெல் ஐ5 12400, டர்போவில் 117 வாட் வரை போகும். ஐ7 12700 என்றால் 180. டிஸ்க்கில் அதுவரை தொடாத பகுதிகள் படிக்கப்படுகின்றன, ரேம் நிரம்புகிறது. ஆக இரண்டு வகைக் குற்றவாளிகள்: உங்கள் கணக்கோடு சேர்ந்து எழும் மென்பொருள், அல்லது திடீர்ச் சுமையைத் தாங்காத வன்பொருள். இந்த இரண்டையும் வீட்டிலேயே, காசில்லாமல் பிரித்துவிடலாம். பிரித்துவிட்டுப் போகிறவருக்கு எஸ்.பி. ரோடு அருமையான இடம். பிரிக்காமல் போகிறவருக்கு அது லாட்டரி.

முதலில் யுபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு சிஸ்டத்தை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள். வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும். பெஸ்காம் மின்சாரம் கண் சிமிட்டினாலோ, அபார்ட்மென்ட் ஜெனரேட்டருக்கு மாறினாலோ அந்த ஒரு கணத்தில் யுபிஎஸ் கைவிடும். கேபினட்டையும் மானிட்டரையும் கடைக்குத் தூக்கிப் போய், அங்கே ஒழுங்காக ஓடுவதைப் பார்த்துத் திருதிருவென்று விழிப்பவர்களில் கணிசமானோர் வீட்டில் விட்டு வந்தது இந்த யுபிஎஸ்ஸைத்தான்.

அடுத்து, லாகின் செய்யாமல் அந்தத் திரையிலேயே அரை மணி நேரம் விடுங்கள். பிறகு பயாஸ் செட்டப்பில் (விண்டோஸ் ஏறும் முன்பே மதர்போர்டு காட்டும் அமைப்புத் திரை) ஒரு மணி நேரம். பயாஸில் இருக்கும்போதே ரீஸ்டார்ட் ஆனால் விண்டோஸுக்கு இதில் பங்கே இல்லை. யார் ஃபார்மட் என்று சொன்னாலும் இதைச் சொல்லுங்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பயாஸில் தாக்குப்பிடித்தால் அது வன்பொருளுக்கு நற்சான்றிதழ் ஆகாது. அங்கே சுமை குறைவு. உபுண்டு போன்ற லினக்ஸை பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமல் 'டிரை' முறையில் ஓட்டி, நாலைந்து வீடியோவை ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பார்ப்பது இன்னும் கறாரான சோதனை. அதிலும் ரீஸ்டார்ட் ஆனால் வன்பொருள் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம்.

லினக்ஸ் ஒழுங்காக ஓடினால் விண்டோஸின் சேஃப் மோடுக்கு, அதாவது அத்தியாவசியமானவை மட்டும் ஏறும் முறைக்கு, வாருங்கள். லாகின் திரையின் வலது கீழ்மூலையில் உள்ள பவர் பொத்தானில், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் நீலநிற மெனு வரும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், மறுபடி ரீஸ்டார்ட். பிறகு வரும் பட்டியலில் 4 என்றால் சேஃப் மோடு. 9 என்பது கோளாறு வந்தால் தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்துவது. நிறைய பேருக்குத் தெரியாதது இந்த 9தான். இதைக் கொடுத்து லாகின் செய்தால், மென்பொருள் முறிவாக இருக்கும்பட்சத்தில் எர்ரர் திரை ஓடிப்போகாமல் அப்படியே நிற்கும். அதைக் கைப்பேசியில் படம் எடுங்கள். பழைய பதிப்புகளில் அது நீலம், புதிய விண்டோஸ் 11ல் கறுப்பு. திரை எதுவும் நிற்காமல் பட்டென்று அணைந்து எழுந்தால், அது மின்சாரப் பக்கக் கோளாறு என்பதற்கான வலுவான அடையாளம்.

இதற்கு முன் இரண்டு எச்சரிக்கை. டிரைவ் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் பிட்லாக்கர் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று கைப்பேசியில் முன்பே பார்த்துக் குறித்துவிடுங்கள். சேஃப் மோடில் பின் எண் வேலை செய்யாமல் போகலாம்; கணக்கின் முழுப் பாஸ்வேர்டு நினைவில் இருக்கட்டும்.

சேஃப் மோடில் நிலையாக ஓடினால் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்று போங்கள். 41 என்ற எண் பெரும்பாலானோருக்கு இருக்கும். அதைப் பார்த்ததும் 'எஸ்எம்பிஎஸ் போச்சு' என்று சொல்லும் ஆட்கள் நிறைய. ஆனால் 41 சொல்வது இவ்வளவுதான்: முறையாக அணையாமல் சிஸ்டம் மறுபடி எழுந்திருக்கிறது. உள்ளே 'டீட்டெய்ல்ஸ்' பகுதியில் பக்செக் கோடு என்றொரு எண் இருக்கும். அது 0 என்றால் விண்டோஸுக்குத் தன் சாவைக் குறித்துவைக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை: மின்சாரம், எஸ்எம்பிஎஸ், அல்லது ரீசெட் பக்கம் பாருங்கள். 292 என்றால் பிராசஸரோ போர்டோ தாங்களே புகார் கொடுத்த வன்பொருள் பிழை. 278 கிராஃபிக்ஸ் டிரைவர் அல்லது கார்டு. 26 நினைவகக் கோளாறு, ரேமிலிருந்து தொடங்கலாம். 239 என்றால் விண்டோஸின் உயிர்நாடியான புராசஸ் ஒன்று செத்திருக்கிறது. சிஸ்டம் ஃபைல், டிஸ்க் இரண்டையும் சந்தேகிக்க வேண்டும்.

1074 என்ற எண் கண்ணில் பட்டால் விசேஷம். எதுவுமே கெட்டுப்போகவில்லை; ஏதோ ஒரு புரோகிராம் ரீஸ்டார்ட் ஆகும்படி கட்டளையிட்டிருக்கிறது, அதன் பெயரும் அங்கேயே இருக்கும். பாதியில் நின்ற அப்டேட்டாக இருக்கலாம், டாஸ்க் ஷெட்யூலரில் யாரோ வைத்த வேலையாக இருக்கலாம், வைரஸாகவும் இருக்கலாம். இதற்காகக் கேபினட்டைத் தூக்கிக்கொண்டு சிக்பேட்டை வரை போவது அநியாயம்.

சேஃப் மோடில் ஓடுகிறதா, அப்படியானால் மென்பொருள்தான் என்று சட்டென்று முடிவுகட்டவும் கூடாது. சேஃப் மோடில் கிராஃபிக்ஸ் கார்டின் சொந்த டிரைவர் ஏறுவதில்லை. கார்டு பழுதாக இருந்தாலும் அங்கே நல்ல பிள்ளையாக இருக்கும். கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டின் டிஸ்ப்ளே இணைப்பில் மானிட்டரை மாட்டிப் பாருங்கள் (பிராசஸரில் கிராஃபிக்ஸ் இருந்தால்தான் இது நடக்கும்; இன்டெல்லில் 'எஃப்' என்று முடியும் மாடல்களில் கிடையாது). மற்றபடி விண்டோஸின் அமைப்புக் கருவியான எம்எஸ்கான்ஃபிக்கில் மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறைத்துவிட்டு மீதியை நிறுத்துவது, டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் எல்லாவற்றையும் அணைப்பது, புதிதாக ஒரு யூசர் கணக்கு திறந்து அதில் லாகின் செய்வது: இந்த மூன்றில் ஒன்றில் பெரும்பாலும் பிடிபடும். புதுக் கணக்கில் ஒழுங்காக ஓடினால் பழைய புரொஃபைல்தான் கெட்டிருக்கிறது. அதற்கும் ஃபார்மட் தேவையில்லை; ஃபைல்களைப் புதுக் கணக்குக்கு மாற்றினால் போதும்.

இத்தனையும் பார்த்து, வன்பொருள்தான் என்று தெரிந்தால் தெருவுக்குக் கிளம்பலாம். மெட்ரோவில் வருகிறவர்கள் அல்சூரிலிருந்து பர்ப்பிள் லைனில் மெஜஸ்டிக், அங்கே கிரீன் லைனுக்கு மாறி அடுத்த ஸ்டேஷன் சிக்பேட்டை. கேபினட்டோடு போகிறவர்களுக்கு ஆட்டோதான். கார் நிறுத்த இடம் தேடுவது வீண் ஆசை. கனமான கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாகச் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூர் ரோட்டுக் குழிகளில் அது ஸ்லாட்டையே பிய்த்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும். வார நாளில் முற்பகல் உகந்தது. சாயங்காலக் கூட்டத்தில் நிதானமாகச் சோதித்துத் தரச் சொன்னால் யாருக்கும் காது கேட்காது.

கிளம்பும் முன் டிரைவைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடலாம். எஸ்எம்பிஎஸ், ரேம், போர்டு எதைச் சோதிக்கவும் உங்கள் டிரைவ் அவசியமில்லை. கடையில் விண்டோஸ் போட்ட சோதனை டிரைவ் இருக்கும். பிரவுசரில் சேமித்த பேங்க் பாஸ்வேர்டும் குடும்பப் படங்களும் முகம் தெரியாத மேசையில் இரண்டு நாள் கிடக்க வேண்டாம். ரேம், கிராஃபிக்ஸ் கார்டு, போர்டு ஆகியவற்றின் சீரியல் எண்களைப் படம் எடுத்து, அந்தப் படத்தைக் கொடுக்கும்போதே காட்டிவிடுங்கள்.

இனி அங்கே என்ன நடக்கும் என்பது. ரேமைக் கழற்றி, தங்கநிறக் காண்டாக்டில் வெள்ளை ரப்பர் போட்டுத் தேய்ப்பார்கள். பார்த்தால் பள்ளிக்கூட வைத்தியம் போலிருக்கும், ஆனால் களிம்பு படிந்த காண்டாக்டுக்கு வேலை செய்யும். ரப்பர் துகள் ஸ்லாட்டில் விழாமல் துடைக்கிறார்களா என்று பாருங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வைத்திருக்கும் கடை என்றால் ஒரு படி மேல். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். தனியாகப் போடும்போது பிராசஸரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் போடுவதுதான் பெரும்பாலான போர்டுகளில் சரி. பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பைப் போட்டு ரேமின் வேகம் கூட்டியிருந்தால் முதலில் அதை அணைக்க வேண்டும். இதை விட்டுவிட்டு ரேம் மாற்றச் சொல்வது அவசரம்.

மதர்போர்டில் இருக்கும் சின்ன வட்டமான சிமாஸ் பேட்டரியை மாற்றலாம் என்பார்கள். சிஆர்2032, 3 வோல்ட், விலை சொற்பம், மாற்றினால் நஷ்டமில்லை. ஆனால் அது தளர்ந்தால் தேதியும் பயாஸ் அமைப்பும் அழியும், லாகின் ஆனதும் ரீஸ்டார்ட் ஆகாது. சரிசெய்ததாக பில்லில் இது ஒன்று மட்டும் இருந்தால் கோளாறு வீட்டுக்குத் திரும்பி வரும்.

தெர்மல் பேஸ்ட்டும் அப்படித்தான், கொஞ்சம் நியாயத்தோடு. இன்டெல் பெட்டியோடு வரும் கூலரின் நாலு புஷ்பின்னில் ஒன்று கழன்றிருந்தாலே பிராசஸர் சில நொடிகளில் 100 டிகிரியைத் தொடும். ஆனால் சூடானால் முதலில் வேகம் குறையும், அதற்கும் மேலே போனால் பெரும்பாலும் அணைந்தே போகும். சுத்தமாக ரீஸ்டார்ட் மட்டும் ஆகிறதென்றால் சூட்டைவிட எஸ்எம்பிஎஸ் மீதே சந்தேகம் அதிகம்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில்தான் இந்தத் தெரு தன் மதிப்பெண்ணைச் சம்பாதிக்கிறது. மஞ்சள் வயரில் மல்டிமீட்டர் வைத்து 12 வோல்ட் வருகிறது, நல்லா இருக்கு என்பார்கள் (எல்லா வயரும் கறுப்பாக உள்ள மாடல்களில் நிறத்தை நம்ப முடியாது). 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம் என்பது ஏடிஎக்ஸ் (டெஸ்க்டாப் எஸ்எம்பிஎஸ்களுக்கான பொது அளவுகோல்) விதி. ஆனால் லாகின் ஆகும் அந்தக் கணத்தில் சில மில்லிவினாடி மட்டும் வோல்டேஜ் சரிந்து எழுவதை மல்டிமீட்டர் காட்டாது. எஸ்எம்பிஎஸ் அனுப்பும் 'பவர் குட்' சிக்னல் ஒரு கணம் விழுந்தால் போதும், போர்டு ரீசெட் ஆகிவிடும். சின்ன டிஸ்ப்ளே வைத்த டெஸ்டரில் மாட்டிக் காட்டுவதும் சுமையில்லாத சோதனைதான். உருப்படியான சோதனை ஒன்றே: நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை மாட்டி ஓட்டிப் பார்ப்பது. நம் வீட்டில் இல்லாததும் அங்கே அடுக்கடுக்காக இருப்பதும் அதுதான். ஆகவே கவுன்டரில் "சரி பண்ணிக் குடுங்க" என்று சொல்லாதீர்கள். "அண்ணா, பயாஸ்லயே ரீஸ்டார்ட் ஆகுது. வேற எஸ்எம்பிஎஸ் போட்டு ஓட்டிக் காட்டுங்க, செக்கிங் சார்ஜ் தர்றேன்" என்று சொல்லுங்கள். கேட்கிற விதத்திலேயே பேச்சு மாறுவதைக் காணலாம்.

புதிது வாங்கும்போது பெட்டி மேல் உள்ள வாட் எண்ணை விட்டுவிட்டு, பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். கேபினட்டோடு சேர்த்துக் கொடுக்கும் '450 வாட்' சரக்கில் 18 ஆம்பியர் என்றிருந்தால் 12 × 18 = 216 வாட்தான் உருப்படி. நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட்டில் மட்டுமே 400க்கு மேல் தரும். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு ஒன்றுக்கே 170 வாட் வேண்டும், மேலே சொன்ன ஐ5க்கு 117. கூட்டிப் பார்த்தால் கேபினட் சரக்கு ஏன் லாகினில் மண்டியிடுகிறது என்று தெரியும். டெல் ஆப்டிபிளெக்ஸ் போன்ற ஆபீஸ் பெட்டிகளில் பல மாடல்களுக்கு இணைப்பான் வேறு மாதிரி. சாதாரண ஏடிஎக்ஸ் அப்படியே பொருந்தாது. எதுவானாலும் எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து கெப்பாசிட்டர் மாற்றித் தரேன் என்பதற்கு மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டாம். உள்ளே 325 வோல்ட் வரை தேங்கி நிற்கும் பொருள் அது. வீட்டில் நீங்களும் திறக்காதீர்கள்.

மாடியில் 'சிப் லெவல்' பலகை போட்ட மேசைகளில் கைத்திறனுக்குக் குறைவில்லை. பழைய போர்டில் வீங்கிய கெப்பாசிட்டர் மாற்றுவது, கழன்ற சாக்கெட் சரிசெய்வது நியாயமான வேலை. கிராஃபிக்ஸ் சிப்பைச் சூடுகாட்டி உயிர்ப்பிப்பது மட்டும் சில வாரக் கூத்து.

தெரு அடிக்கடி கோட்டைவிடும் இடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் பலவற்றில், தேவைக்கு மேல் வோல்டேஜ் ஏறி சிப்பே படிப்படியாகத் தளரும் பிரச்சினை இருந்தது. 2024ல் மைக்ரோகோடு (சிப்பின் உள்கட்டளை) திருத்தம் வந்தது, பயாஸ் அப்டேட் வழியாக. வாரன்ட்டியையும் இன்டெல் இரண்டு வருடம் நீட்டியது. இதில் சிக்கிய சிஸ்டத்துக்கு ரேம் மாற்றி, போர்டு மாற்றிக் கடைசியில் பிராசஸருக்கு வருவார்கள். உங்களுடையது அந்த வகை என்றால் வாரன்ட்டிக் கோரிக்கையிலிருந்து தொடங்குங்கள். ஏற்கெனவே தளர்ந்த சிப்பைப் பயாஸ் அப்டேட் குணப்படுத்தாது.

அதேபோல் கேபினட்டின் ரீசெட் பொத்தான் ஒட்டிக்கொள்வது. போர்டில் ரீசெட் என்று எழுதிய இரண்டு பின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு ஓட்டினால் ஐந்தே நிமிடத்தில் தெரியும், செலவு பூஜ்யம். இதை எந்தக் கவுன்டரிலும் தாங்களாகச் செய்ய மாட்டார்கள், கேட்டால் செய்வார்கள்.

ஃபார்மட்தான் வழி என்றாகிவிட்டால், எந்த விண்டோஸ் போடுகிறார்கள் என்று கேளுங்கள். உங்களுடையது லைசென்ஸ் உள்ளது என்றால் அது பெரும்பாலும் மதர்போர்டோடு இணைந்திருக்கும். அதே எடிஷனைப் போட்டால் இன்டர்நெட்டில் தானாக ஆக்டிவேட் ஆகும். லைசென்ஸ் இல்லாமலே ஆக்டிவேட் செய்யும் 'ஆக்டிவேட்டர்' ஓட்டித் தருகிறேன் என்றால் வேண்டாம். அதோடு ஒட்டிவரும் குப்பைதான் அடுத்த மாத ரீஸ்டார்ட். 'விண்டோஸ் 10க்கு சப்போர்ட் முடிஞ்சிடுச்சு, அதான் இப்படி' என்பதும் காதில் விழும். முடிந்தது உண்மை, 2025 அக்டோபர் 14ல். அதனால் பாதுகாப்பு அப்டேட் நிற்கும், சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகாது.

வீட்டுக்கே வந்து பார்க்கும் சேவை? ஒயிட்ஃபீல்டிலிருந்தோ எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்தோ இத்தனை தூரம் வருவதைவிட வசதிதான். வருகிறவர் பையில் பென்டிரைவ் இருக்கும், ஸ்பேர் எஸ்எம்பிஎஸ் அபூர்வம். மென்பொருள் பக்கம் என்று உறுதியானவர்கள் மட்டும் கூப்பிடலாம். இணையத்தில் தேடிக் கிடைக்கும் 'ஹெல்ப்லைன்' எண்ணை அழைத்து, தூரத்திலிருந்து ஸ்கிரீனை ஒப்படைப்பது வேறு வகை ஆபத்து; அதன் பக்கமே போக வேண்டாம்.

பணம் கொடுக்கும் முன் அங்கேயே ஐந்து முறை லாகின் செய்து காட்டச் சொல்லுங்கள், பிறகு இருபது நிமிடம் ஏதாவது கனமான சுமையில் ஓடட்டும். ஜிஎஸ்டி 18 சதவீதம் மிச்சம் என்று பில் இல்லாமல் தருவார்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மாடலைப் பொறுத்து மூன்று, ஐந்து வருட வாரன்ட்டி உண்டு, அதற்கு பில்லும் சீரியல் எண்ணும் வேண்டும். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "அதை வெச்சு என்ன பண்ணப் போறீங்க சார்?" என்று கேட்டால், சிரித்துக்கொண்டே பையைத் திறந்து காட்டுங்கள்.